கடைப் பிள்ளைகளின் விண்ணப்பமும் நம் கையெழுத்தும்



நம் இதழில் வரி, உரிமம், தராசு முத்திரை, கடை வாடகை என்று எத்தனையோ பொருள்களில் கட்டுரைகள் வருகின்றன. இம்முறை வேலை தேடும் பிள்ளைகள் கையில் வைத்துக்கொண்டு அலைகிற காகிதத்தைப் பற்றி எழுத விரும்புகிறோம். பயோடேட்டா என்றும் ரெஸ்யூம் என்றும் சொல்கிறார்கள். அதற்கு மேல் ஒரு பக்கம் கவரிங் லெட்டர். இதற்கும் வணிகர் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்துப் படிக்க வேண்டுகிறோம். அந்தக் காகிதத்தில் பாதி நாம் எழுத வேண்டியது என்பதே நம் கட்சி.

நாம் மளிகை மொத்த வியாபாரம் செய்பவர்கள். எர்ணாவூர் தொடங்கி முகத்துவாரக்குப்பம் வரை சில்லறைக் கடைகளுக்குச் சரக்குப் போடுகிறோம். கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடம் முகத்துவாரக்குப்பம். ஆற்றையும் கடலையும் நம்பிப் பிழைத்த ஊர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்சாலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து முகத்துவாரம் முழுக்கப் படிந்ததை எல்லோரும் அறிவோம். படகிலும் வலையிலும் எண்ணெய். பிடித்த மீனை வாங்க ஆளில்லை. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிந்து, குழந்தை குட்டிகளோடு மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். அந்த மாதம் நம் சில்லறைக் கடைக்காரர்களின் கடன் நோட்டு எவ்வளவு தடித்தது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாற்றத்தைக் காண்கிறோம். அப்பாவோடு படகில் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் கரையில் வேலை தேடுகிறார்கள். நம் கடைக்கும் வருகிறார்கள். இரண்டு மூன்று வருடம் வேலை செய்துவிட்டு, துறைமுகம், கன்டெய்னர் கிடங்கு, தொழிற்சாலை என்று முயற்சி செய்கிறார்கள். அப்படி முயற்சி செய்வதில் குற்றமில்லை. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் தொடங்கி, 2014இல் காமராஜர் துறைமுகம் என்று பெயர் பெற்றது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் இருக்கிறது. மணலியிலிருந்து மீஞ்சூர் வரை கிடங்குகள். கண்ணெதிரே இத்தனை வேலை இருக்கும்போது பிள்ளைகள் போகத்தான் செய்வார்கள்.

ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் வேலைக்குக் காகிதம் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. அசோக் லேலண்டிலோ, திருவொற்றியூர் என்ஃபீல்டிலோ, அனல் மின் நிலையத்திலோ வேலை பார்த்த சித்தப்பாவோ மாமாவோ ஒரு வார்த்தை சொன்னால் கேட்டில் நிற்க வைத்துப் பேசினார்கள். எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டுவிட்டது. மற்ற இடங்களிலும் இப்போது கேட்டில் ஆள் எடுப்பதில்லை. ஈமெயிலில் அனுப்பு, வாட்ஸப்பில் அனுப்பு என்கிறார்கள். சிபாரிசு செய்ய ஆளில்லாத பிள்ளைக்கு இது ஒருவகையில் நல்லதுதான். ஆனால் காகிதம் சரியாக இருக்க வேண்டும்.

எப்படி இருக்கிறது? நாம் பார்த்த வரையில் பத்தில் எட்டு ஒரே அச்சு. பிரௌசிங் சென்டரில் முப்பதோ நாற்பதோ ரூபாய் கொடுத்து அடித்து வாங்குகிறார்கள். அங்கே ஏற்கெனவே கணினியில் இருக்கிற யாரோ ஒருவருடைய பயோடேட்டாவில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். சவால் நிறைந்த சூழலில் பணியாற்றி நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் தன் வளர்ச்சிக்கும் பாடுபட விரும்புவதாக ஆங்கிலத்தில் முதல் வரி. இதற்கு என்ன அர்த்தம் என்று பையனைக் கேட்டால் தலையைச் சொறிகிறான். பொழுதுபோக்கு கிரிக்கெட், பாட்டுக் கேட்பது. பிறகு மதம், சாதி, உடல் எடை, நிறம். வேலைக்கா, கல்யாணத்துக்கா என்று சந்தேகம் வந்துவிடும். ஒரு பிள்ளையின் காகிதத்தில் முந்தையவருடைய தகப்பனார் பெயரே மாறாமல் இருந்தது. ஈமெயில் முகவரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பள்ளிக்கூட வயதில் விளையாட்டாக வைத்த சினிமா நடிகர் பெயரும் பட்டப்பெயரும் அப்படியே அதிகாரியின் மேசைக்குப் போகிறது.

இத்தனையும் எழுதிவிட்டு, அவனுக்கு உண்மையில் தெரிந்த வேலையை விட்டுவிடுகிறார்கள். இதுதான் நமக்கு மனக்கஷ்டம். டீசல் இன்ஜினைக் கடல் நடுவில் பிரித்து மாட்டத் தெரிந்தவன் அதைக் காகிதத்தில் போடவில்லை. மீன் ஏலத்தில் நாலு பேர் பங்கையும், ஐஸ் செலவையும், டீசல் செலவையும் நிமிஷத்தில் கணக்குப் போட்டுப் பிரித்துக் கொடுக்கிற பெண் அதைப் போடவில்லை. நம் கிடங்கில் மூன்று வருடம் இருந்தவன், 'கடையில் வேலை' என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டான். கேட்டால், 'அதெல்லாம் ஒரு வேலையா அண்ணாச்சி, அதை எப்படிப் போடுறது?' என்கிறான்.

இந்த இடத்தில் நம் வடசென்னைத் துறைமுகத்தில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கணித மேதை ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தார் என்பது பலருக்கும் தெரியும். அந்த வேலைக்கு அவர் 1912 பிப்ரவரி 9ஆம் தேதி எழுதிய விண்ணப்பத்தைப் படித்தவர்கள் குறைவு. துறைமுக டிரஸ்டின் தலைமைக் கணக்காளருக்கு எழுதியது. எல்லாம் சேர்ந்து ஐந்தாறு வாக்கியங்கள்தான். உங்கள் அலுவலகத்தில் குமாஸ்தா இடம் காலியாக இருப்பதாக அறிகிறேன் என்று தொடங்குகிறார். மெட்ரிகுலேஷன் தேறியதையும் எஃப்.ஏ. வரை படித்ததையும் சொல்கிறார். மேலே படிக்க முடியாமல் சூழ்நிலை தடுத்துவிட்டதை ஒரு வரியில் முடிக்கிறார். அதன் பிறகு தன் நேரம் முழுவதையும் கணிதத்தில் செலவிட்டு வருவதாகச் சொல்கிறார். கொடுத்த வேலையைச் சரியாகச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை தனக்கு உண்டு என்கிறார். வேலை கொடுங்கள் என்று கேட்டு முடித்துவிடுகிறார்.

இதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அவர் கும்பகோணத்தில் உதவித் தொகையை இழந்தவர். பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேறவில்லை. கல்யாணமும் ஆகி, நிலையான வருமானம் இல்லாமல் இருந்தவர். இவ்வளவு கஷ்டத்தையும் கொட்டி அழவில்லை. படிப்பு நின்றுபோனதை மறைக்கவும் இல்லை. நடுவில் சும்மா இருந்த காலத்துக்கு என்ன செய்தேன் என்று பதில் சொல்லிவிட்டார். நம் பிள்ளைகளுக்கு அரியர் இருக்கும், பாதியில் நின்ற பாலிடெக்னிக் இருக்கும், இரண்டு வருடம் இடைவெளி இருக்கும். எப்படி எழுதுவது என்று தெரியாமல் பொய் வருடம் போடுகிறார்கள், நேர்முகத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ராமானுஜன் எழுதியது போல ஒரு வரி போதும்.

அந்த விண்ணப்பத்தோடு இன்னொரு காகிதமும் போயிற்று. மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட், இந்த இளைஞருக்குக் கணிதத்தில் அசாதாரணமான திறமை இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த சான்று. 1912 மார்ச் 1ஆம் தேதி ராமானுஜன் வேலையில் சேர்ந்துவிட்டார். விண்ணப்பத்தில் அவர் தன்னைப் பற்றிப் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. பேச வேண்டியதை வேறொருவர் கையெழுத்துப் போட்டுப் பேசினார்.

மறு வருடம் ஜனவரி 16ஆம் தேதி கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமும் இப்படித்தான். சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு எழுதுகிறோமே, சம்பளம் குறைவாயிற்றே என்று கூசவில்லை. பின்னால் பக்கம் பக்கமாகத் தான் கண்டுபிடித்த சூத்திரங்களை இணைத்திருந்தார். அதற்கு முன் இங்கிலாந்தில் வேறு பேராசிரியர்களுக்கும் எழுதிப் பார்த்து, பலன் கிடைக்கவில்லை. ஹார்டி படித்தார், அந்தப் பக்கங்களில் சரக்கு இருந்தது.

குப்பம் என்ற சொல்லை முகவரியில் எழுதக் கூசி, 'எண்ணூர், சென்னை-57' என்று மட்டும் போடுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு அந்த 20 பவுண்டு ஞாபகம் வரும். நாம் சொல்வது, முழு முகவரியையும் போடு. காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு ஆள் தேடுகிறவனுக்கு, கூப்பிடு தூரத்தில் ஆள் இருப்பது லாபம்தானே!

எழுதும் முறையைப் பற்றி நம் அனுபவத்தில் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். சரக்கு விற்கிறவன் வாங்குபவனுக்கு என்ன வேண்டும் என்றுதான் முதலில் பார்ப்பான். விண்ணப்பமும் அப்படியே. ஓவியர் லியோனார்டோ டா வின்சி, சுமார் 1482இல், மிலான் நகரத்து அதிபதியிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. அதில் பாலம் கட்டுவேன், கோட்டையைத் தகர்ப்பேன், பீரங்கி செய்வேன் என்று வரிசையாக எழுதிவிட்டு, ஓவியமும் தெரியும் என்று கடைசியில்தான் சொல்கிறார். அதிபதிக்கு அப்போது சண்டை கவலை. கன்டெய்னர் கிடங்கில் டேலி கிளார்க் வேலை என்றால், வருகிற பொட்டிகளை எண்ணிச் சீட்டோடு ஒப்பிட்டுக் குறிப்பதுதான் அங்கே வேலை. நம் கிடங்கில் இருந்தவன் தினமும் அதைத்தான் செய்தான். ஆகையால் 'கடையில் வேலை' என்று எழுதக் கூடாது. 'மளிகை மொத்தக் கிடங்கில் மூன்று ஆண்டு. லாரியில் வரும் மூட்டைகளை எண்ணி பில்லோடு சரிபார்த்தல், சேதத்தைத் தனியே குறித்தல், பழைய சரக்கு முதலில் போகும்படி அடுக்குதல், இ-வே பில் போடுதல்' என்று எழுத வேண்டும். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அளவும் எழுதலாம்: நாளுக்கு எத்தனை லாரி, எத்தனை மூட்டை. படகு இன்ஜின் வேலை தெரிந்தவன், என்ன இன்ஜின், எத்தனை குதிரைச் சக்தி, எதை எதைக் கழற்றி மாட்டியிருக்கிறான் என்று எழுதினால், மெயின்டனன்ஸ் பிரிவில் ஒருவராவது நிமிர்ந்து பார்ப்பார்.

கவரிங் லெட்டர் அரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எந்த வேலைக்கு, அந்த இடம் இருப்பது எப்படித் தெரிந்தது, அதற்குத் தோதாக எனக்கு என்ன தெரியும், எப்போது சேர முடியும். அவ்வளவே. ஆங்கிலம் தடுமாறினால் உள்ளூர் நிறுவனத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். காப்பியடித்த ஆங்கிலத்தைவிடச் சொந்தத் தமிழ் மேல். போன் நம்பரை இரண்டு முறை சரிபார்க்க வேண்டும். வீட்டில் ஒரே போனை நாலு பேர் வைத்துக்கொண்டு, கம்பெனியிலிருந்து அழைப்பு வந்ததே தெரியாமல் போன கதை நம் ஏரியாவில் உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க மறக்கக் கூடாது. துறைமுகத்தில் வேலை வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடு என்று கேட்கிற ஆளிடம் விண்ணப்பத்தையும் கொடுக்கக் கூடாது, பணத்தையும் கொடுக்கக் கூடாது. அலுவலக முத்திரையோடு போலி ஆர்டர் அடித்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேலைக்கு எடுக்கிறவன் பணம் கேட்க மாட்டான்.

பிள்ளைகள் செய்ய வேண்டியது இவ்வளவு. இனி நம் பங்குக்கு வருவோம்.

அவன் மூன்று வருடம் கிடங்கில் இருந்தான் என்று எழுதினால் போதுமா? படிக்கிற அதிகாரி, இதற்கு அத்தாட்சி எங்கே என்பார். நம் வணிகர்களிடையே அனுபவச் சான்று எழுதிக் கொடுக்கும் பழக்கம் மிகக் குறைவு. தீபாவளிக்குத் துணி கொடுக்கிறோம், கல்யாணத்துக்கு மொய் எழுதுகிறோம், ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொடுத்து உதவுகிறோம். ஒரு காகிதம் கேட்டால் மட்டும் யோசிக்கிறோம். தொழிற்சாலைகளுக்காக 1946இல் வந்த மாதிரி நிலையாணைகளிலேயே, நிரந்தரத் தொழிலாளி வேலையை விட்டு நீங்கும்போது பணிச் சான்று பெற உரிமை உண்டு என்று எழுதப்பட்டிருந்தது. நீக்கப்பட்டவருக்கும்கூட உண்டு. அந்த ஆணைகள் நம் சிறு கடைகளுக்காக வந்தவை அல்ல. ஆனாலும் அந்த நியாயம் நமக்கும் பொருந்தாதா?

இதைப் பேசினால் நண்பர்கள் இரண்டு மூன்று ஆட்சேபம் சொல்கிறார்கள். சான்று கொடுத்தால் பையன் போய்விடுவான் என்பது முதல் ஆட்சேபம். கொடுக்காவிட்டாலும் போகத்தான் போகிறான்; பக்கத்துக் கடைக்கு ஐந்நூறு ரூபாய் கூடுதலுக்குப் போவான், அல்லது வேலையே இல்லாமல் திண்ணையில் உட்காருவான். துறைமுகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும், மேலதிகாரியாக இருந்த நாராயண அய்யரும், தங்கள் குமாஸ்தா ராமானுஜனுக்காகப் பல இடங்களில் எடுத்துப் பேசினார்கள். 1913 மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித் தொகை கொடுத்தது. அடுத்த மார்ச்சில் அவர் கப்பலேறிவிட்டார். ஒரு குமாஸ்தா போனான் என்று துறைமுகம் படுத்துவிடவில்லை. இன்றைக்கும் அவர் அங்கே வேலை பார்த்ததை ஊரே பெருமையாகச் சொல்கிறது. நம் கடையில் ராமானுஜன் இருக்கிறார் என்று நாம் சொல்லவரவில்லை. ஆனால் இந்தக் கடையில் ஒழுங்காக இருந்தால் சான்று கிடைக்கும் என்று பெயர் வந்துவிட்டால், நல்ல பிள்ளைகள் நம்மைத் தேடி வருவார்கள். பல ஆண்டுகளாகச் சான்று கொடுத்துவருகிற நாம் இதைக் கண்ணால் பார்க்கிறோம். போகிற பையன் தன் தம்பியை விட்டுவிட்டுப் போகிறான்.

எழுதிக் கொடுத்தால் நாளைக்கு அதுவே லேபர் ஆபீசில் நமக்கு எதிராகச் சாட்சியாகிவிடும் என்பது இரண்டாவது ஆட்சேபம். பதிவேட்டில் பெயர் ஏற்றிச் சம்பளம் ஒழுங்காகக் கொடுப்பவருக்கு என்ன பயம்? பதிவேட்டில் பெயரே இல்லாத ஆளுக்குச் சான்று எழுதுவது கடினம்தான். அது சான்றின் குற்றமன்று.

மூன்றாவதாகச் சிலர், தெரிந்தவர் பிள்ளை, இரண்டு வருடம் வேலை செய்ததாக எழுதிக் கொடுங்கள் என்று வந்து நிற்கிறார்களே, மறுத்தால் பகை வருகிறதே என்கிறார்கள். இதில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் இப்போது போன் போட்டு விசாரிக்கின்றன. ஒரு பொய்ச் சான்று வெளிப்பட்டால், அந்தக் கடை உண்மையாக எழுதிக் கொடுத்த ஒன்பது பேருடைய காகிதமும் செல்லாக் காசாகிவிடும். விற்காத சரக்குக்கு பில் போடுவதும் இதுவும் ஒன்றுதான்.

சான்றில் என்ன எழுதுவது? 'நன்னடத்தை உடையவர், வாழ்த்துகிறோம்' என்று எல்லோருக்கும் ஒரே வரி எழுதினால், பிரௌசிங் சென்டர் பயோடேட்டாவுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. கடைப் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண் உள்ள கடிதத்தாள். சேர்ந்த தேதி, விலகிய தேதி. செய்த வேலைகள், மேலே சொன்ன மாதிரி விவரமாக. எதை நம்பி ஒப்படைத்தோம் என்பது முக்கியம்: கல்லாப்பெட்டியா, கிடங்குச் சாவியா, வசூலுக்கு அனுப்பினோமா. வசூலுக்குப் போய் ஒரு ரூபாய் குறையாமல் கொண்டுவந்தவன் என்று ஒரு மொத்த வியாபாரி எழுதிக் கொடுப்பது, பட்டத்துக்குச் சமமாக எடைபோடக்கூடியது என்பது நம் எண்ணம். என்ன காரணத்துக்காக விலகுகிறார் என்று ஒரு வரி. விசாரித்தால் பதில் சொல்லக்கூடியவரின் போன் நம்பர், கையெழுத்து, முத்திரை. பெண் பிள்ளைகளுக்கும் இதே அளவில் எழுத வேண்டும். பில் போடுகிற பெண்ணை 'உதவியாளர்' என்று சுருக்கிவிடுகிறார்கள்; அவள்தான் கடைக் கணக்கு முழுதும் டேலியில் ஏற்றுகிறவளாக இருப்பாள்.

ஆங்கிலத்தில் எழுதினால் வெளியூரிலும் உதவும். எழுத வராதவர்கள் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். மொழிபெயர்த்துக்கொள்ள அவர்களுக்கு வழி உண்டு. நகல் ஒன்றைக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து வருடம் கழித்து போன் வரும்போது, யார் அந்தப் பையன் என்று நாம் விழிக்கக் கூடாது.

செயற்குழுவின் முன் ஒரு யோசனையை வைக்கிறோம். கடிதத்தாள் இல்லாத சிறு கடைக்காரர்கள் நம் சங்கத்தில் நிறையப் பேர். அவர்களுக்காகச் சங்கமே ஒரு படிவம் அச்சடித்துக் கொடுக்கலாம். கடைக்காரர் பூர்த்தி செய்து கையெழுத்திட்டு வந்தால், சங்க உறுப்பினர் எண்ணைச் சரிபார்த்துச் செயலாளர் மேலொப்பம் இட்டு, பதிவேட்டில் ஏற்றி எண் கொடுக்கலாம். நூறு படிவத்துக்கு ஆகும் அச்சுக் கூலியை நாம் ஏற்றுக்கொள்ளத் தயார். வரும் ஜூன் மாதம் கல்லூரி, ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள் விண்ணப்பம் போடத் தொடங்கிவிடுவார்கள். அதற்குள் படிவம் கைக்கு வந்தால் நலம். மாதிரி ஒன்றை எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். திருத்தம் சொல்ல விரும்புகிறவர்கள் பார்த்துச் சொல்லலாம்.